அம்மாச்சி வீட்டு வெள்ளியை உருக்கப் போடுவதற்கு முன்

தங்கச்சி, கல்யாணமோ தீபாவளியோ வந்து பீரோவை ஒழிக்கும்போது, துணி முடிச்சில் கறுத்துப்போன குங்குமச் சிமிழ், சுண்ணாம்புக் கரண்டகம், பாலாடை, தண்டை என்று ஏதாவது கையில் படும். "பழசைப் போட்டுப் புதுக் கொலுசு எடுத்துரலாம்" என்ற பேச்சும் கூடவே வரும். கடைத் தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். அந்தப் பொருள் எங்கே செய்தது, ஏறக்குறைய எந்தக் காலம் என்பதை அதன் அடிப்பாகமே சொல்லக்கூடும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடு.

1. முதலில் தேய்க்காதே

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் கந்தகம். பட்டாசு மருந்தில் கந்தகம் உண்டு; அதனால் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் இருப்பவர்கள் வெள்ளியைத் திறந்து வைக்கக் கூடாது. கறுப்பைப் பார்த்ததும் சாம்பல், புளி, பல்பொடி போட்டுத் தேய்த்தால் முத்திரையின் விளிம்பு மழுங்கிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்பு, மெல்லிய பருத்தித் துணி போதும். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதே. அதிலும் கந்தகம் இருக்கிறது.

2. எங்கே தேடுவது

கிண்ணம், சிமிழ் என்றால் அடியிலும் மூடியின் உள்பக்கமும் பார். கரண்டி என்றால் காம்பின் பின்புறம், கொலுசு என்றால் கொக்கி, மெட்டி என்றால் உள்வளைவு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வாங்கிக்கொள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடி. தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும். அந்த வெளிச்சத்திலேயே போட்டோ எடுத்து வை.

3. எண்ணை வைத்து வயது சொல்லாதே

925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. அது தரத்தைச் சொல்கிறது, காலத்தைச் சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-ன் முத்திரை இருந்தால் காலத்துக்கு ஓர் எல்லை கிடைக்கும்: வெள்ளிக்கு அந்த ஹால்மார்க் திட்டம் வந்தது 2005-ல். ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. குறியீடும் சேர்ந்திருந்தால் 2025 செப்டம்பரிலோ அதற்குப் பிறகோ முத்திரை இட்டது. அந்தக் குறியீட்டை 'பிஐஎஸ் கேர்' செயலியில் நீயே சரிபார்க்கலாம்.

4. சிங்கமும் நங்கூரமும்

நடக்கும் சிங்கம் இங்கிலாந்தின் 925 தர வெள்ளிக்கு அடையாளம். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், பழைய பொருளில் கிரீடம் இருந்தால் ஷெஃபீல்டு. தனி ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும்; அதுதான் ஆண்டு. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்ப வரும் என்பதால், எழுத்தின் பாணியையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்து, அந்த ஊருக்குரிய பட்டியலோடு ஒப்பிடு. ராஜா அல்லது ராணியின் தலையும் வரி முத்திரையாக இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது.

5. வெள்ளி போல இருப்பது

'ஈ.பி.என்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் மேலே வெள்ளி முலாம் மட்டும்தான். ஜெர்மன் சில்வரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு. வெள்ளி துளியும் இல்லை.

6. மவுண்ட் ரோடு முத்திரை

ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்கு அரசு முத்திரை கட்டாயம் இல்லை. பெரிய கடைகள் தங்கள் பெயரையே குத்தின. சென்னையில் 1849 முதல் இருக்கும் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons) அப்படிப்பட்ட கடை. சாமி உருவங்களைப் புடைப்பாகத் தட்டிய அவர்களுடைய வெள்ளிச் சாமான்களை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அந்தப் பெயர் கண்ணில் பட்டால் எடைக்குப் போடவே போடாதே.

7. முத்திரையே இல்லையா? பெயரைப் படி

நம் ஊர் ஆசாரி செய்த பெரும்பாலான பொருள்களில் முத்திரை இருக்காது. ஆனால் சீர் சாமானில் பெயர் வெட்டியிருப்பார்கள்.

* ஊர்ப் பெயர்: 'விருதுபட்டி' என்று இருந்தால் அநேகமாக 1923-க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் ஊர் விருதுநகர் ஆனது.

* எழுத்து: 'அண்ணாமலை' என்ற பெயரில் 'ணா', 'லை' இரண்டும் பழைய சுழி, கொம்போடு இருக்கிறதா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். பழைய கை பழக்கத்தில் அதற்குப் பிறகும் அப்படியே வெட்டியிருக்கும் என்பதால் இதை மட்டும் நம்பாதே.

* எடை: 'தோலா', 'ரூபாய் எடை' என்று இருந்தால் 1958-ல் மெட்ரிக் எடை வரத் தொடங்கியதற்கு முந்தைய வழக்கம். ஒரு தோலா 11.66 கிராம். இப்போது நிறுத்துப் பார்; எடை நிறையக் குறைந்திருந்தால் தேய்மானம் இருக்கலாம், ஏதோ பாகம் போயும் இருக்கலாம்.

* தமிழ் ஆண்டு: அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். 'ஜய' என்றால் 1894, 1954, 2014 ஆகியவற்றில் தொடங்கிய ஆண்டுகளில் ஒன்று. எது என்பதைப் பெயருக்குரியவரின் காலத்தை வைத்துத் தீர்மானி.

பெயர் பின்னாளில் வெட்டியதாகவும் இருக்கலாம். அதனால் ஒரே அடையாளத்தில் நிற்காமல் இரண்டு மூன்று பொருந்துகிறதா பார்.

8. கோத்த காசு

காசு பற்றவைத்த பொருள், அந்தக் காசின் ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. விக்டோரியா காசில் 'குயின்' என்று இருந்தால் பழைய அச்சு. 1877 முதல் 'எம்ப்ரஸ்'. 1862 என்று போட்ட ரூபாயை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அடித்தார்கள், கவனம். ஐந்தாம் ஜார்ஜ் காலம் வரை ரூபாயில் சுமார் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் 1945 வரை வந்ததில் பாதிதான்.

9. சோதனை

உரசவோ வெட்டவோ விடாதே. ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியில் வைத்தால் பொருள் சேதமாகாமல் மேற்பரப்பின் தரம் தெரியும். முலாமாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தேய்ந்த இடத்தையும் காட்டு.

10. எழுதி வை

யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எந்த ஊர் ஆசாரி செய்தது என்று அம்மாவிடமும் அம்மாச்சியிடமும் இன்றே கேட்டு, போட்டோவோடு நோட்டில் எழுதி வை. முத்திரை சொல்லாததை அவர்கள்தான் சொல்ல முடியும். பணத் தேவை வந்து விற்கத்தான் வேண்டுமென்றால் விற்றுக்கொள், தப்பில்லை. ஆனால் என்னவென்று தெரியாமல் உருக்கக் கொடுக்காதே. உருக்கியதைத் திரும்ப வாங்க முடியாது.