பழைய கணினியில் பாகங்கள் மோதிக்கொள்ளும்போது

தேயிலைத் தோட்டங்களின் நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள மூணாறில், இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் உலராது. அந்த ஈரத்திலும் குளிரிலும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த கணினிகள் இன்றும் சில வீடுகளில் உள்ளன. அத்தகைய ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தோட்ட அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய கணினி அது. வீட்டுக்கடன் தவணைக் கணக்கு, நிலப் பத்திரங்களின் நகல்கள், குடும்பப் புகைப்படங்கள் ஆகியவை அதன் வன்தட்டில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை மகளின் புதிய மடிக்கணினிக்கு மாற்றுவதற்காகப் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பொருத்துகிறார். அன்று முதல் ஒலி எழவில்லை. கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கியதும் திரை உறைந்து நிற்கிறது. பார்க்க வந்தவர், “மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார்.

கணினி உண்மையிலேயே பழுதாகிவிட்டதா, அல்லது நல்ல நிலையில் உள்ள இரு பாகங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றனவா? இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அந்தக் குடும்பத்தின் ஆவணங்கள் தப்புவதும், வீண்செலவு தவிர்க்கப்படுவதும் அமையும்.

மோதல் என்பது யாது?

வங்கியில் டோக்கன் முறையை நாம் அறிவோம். 5 என்னும் எண் அழைக்கப்படும்போது ஒருவர் மட்டுமே முகப்புக்குச் செல்ல வேண்டும். தவறுதலாக இருவருக்கும் 5 வழங்கப்பட்டிருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பர். பணியாளர் யாருடைய வேலையைச் செய்வார்?

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. விசைப்பலகை, மோடம், சவுண்ட் கார்டு போன்ற ஒவ்வொரு பாகமும் செயலியின் கவனத்தைத் தன்பால் ஈர்க்க ஒரு குறுக்கீட்டுத் தடத்தைப் பயன்படுத்துகிறது. இதனை ஐஆர்க்யூ என்பர். 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினியில் இத்தகைய தடங்கள் 8 இருந்தன. 1984இல் வந்த ஏடி கணினியில் அவை 16 ஆயின. அவற்றுள் ஒன்று இரு கட்டுப்பாட்டுச் சில்லுகளை இணைக்கவே செலவாகிவிட்டது. எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு முன்னரே உரிமையாளர் உண்டு:

0 – கடிகாரத் துடிப்பு
1 – விசைப்பலகை
3 – காம் 2, காம் 4
4 – காம் 1, காம் 3
6 – பிளாப்பி டிரைவ்
7 – அச்சுப்பொறித் துறை
8 – நாள், நேரம் காட்டும் கடிகாரம்
12 – பிஎஸ்/2 மவுஸ்
13 – கணிதச் செயலி
14, 15 – வன்தட்டு, சிடி டிரைவ்

ஆக, 5, 9, 10, 11 ஆகியவையே பொதுவாகப் புதிய கார்டுகளுக்குக் கிடைப்பவை. அவற்றுள் 5ஐச் சவுண்ட் கார்டு எடுத்துக்கொள்வது வழக்கம். நம் எடுத்துக்காட்டில் நெட்வொர்க் கார்டும் 5ஐயே கேட்டது, மோதலும் பிறந்தது. காம் 1இல் மவுஸும் காம் 3இல் மோடமும் இருந்தால், தொலைபேசி இணைப்பு கிடைக்கும் தருணத்தில் மவுஸ் அசையாமல் நின்றுவிடுவதும் இதே காரணத்தால்தான். இரண்டுக்கும் தடம் 4.

பிற்காலத்தில் வந்த பிசிஐ வகைக் கார்டுகள் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ள வல்லவை. ஆகவே அத்தகைய இரு கார்டுகளுக்கு ஒரே எண் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பழைய ஐஎஸ்ஏ வகைக் கார்டுகளுக்கே இந்தப் பகிர்வு பொதுவாக இயலாது.

மோதலா, ஈரமா?

மலைப்பகுதியில் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது இது. புதிய பாகம் ஒன்றைச் சேர்த்த நாள் முதல் தொல்லை தொடங்கியிருந்தால், அதனை அகற்றியதும் தொல்லை நீங்கினால், ஒவ்வொரு முறையும் ஒரே செயலின்போது கணினி உறைந்தால், அது மோதல் எனக் கருதலாம்.

எதையும் சேர்க்காத நிலையில், சில நாள் இயங்கியும் சில நாள் இயங்காமலும் இருந்தால், ஈரத்தால் கறுத்துப்போன இணைப்பு முனைகளே காரணமாகலாம். நாளும் நேரமும் அடிக்கடி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிட்டால், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான கணினிகளில் அது சிஆர்2032 எனப்படும் 3 வோல்ட் பேட்டரி; கடிகாரக் கடைகளிலும் கிடைக்கும். துலாமழைக் கால இடிமின்னலுக்குப் பின் மோடமோ நெட்வொர்க் கார்டோ அடியோடு செயலிழந்தால், தொலைபேசிக் கம்பி வழியாகவோ மின்கம்பி வழியாகவோ வந்த மின்னழுத்தம் அதனைத் தாக்கியிருக்கக்கூடும். அங்கே எண்ணை மாற்றிப் பயனில்லை.

தொடங்குமுன்

கணினியை நிறுத்தி, மின்கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுக. மின்பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றுக. உட்பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுக. உடலில் தேங்கிய நிலைமின்சாரம் அகலும். மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. ஒரு தாளும் பேனாவும் அருகில் இருக்கட்டும். செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வருதல் வேண்டும்.

ஆறு படிகள்

1. புதிதாகச் சேர்த்த பாகத்தை அகற்றிக் கணினியை இயக்குக. அது சீராக இயங்கினால் தாய்ப்பலகை பழுதாகிவிட்டது என்னும் முடிவுக்கு இடமில்லை. விண்டோஸ் திறக்கவே மறுத்தால், தொடக்கத்தில் எஃப்8 விசையை அழுத்திச் சேஃப் மோடில் நுழைக. அதில் இன்றியமையாத இயக்கிகள் மட்டுமே ஏற்றப்படும்.

2. டிவைஸ் மேனேஜரைத் திறக்க. மஞ்சள் நிற வியப்புக்குறி தோன்றும் பாகத்தைக் குறித்துக்கொள்க. விண்டோஸ் 98இல் பட்டியலின் உச்சியில் உள்ள ‘கம்ப்யூட்டர்’ என்பதை இருமுறை சொடுக்கினால் எந்தத் தடம் எவரிடம் உள்ளது என்பது முழுமையாகத் தெரியும். எக்ஸ்பியில் ‘வியூ’ பட்டியில் இதற்கான வழி உண்டு.

3. குறியிடப்பட்ட பாகத்தின் ‘ரிசோர்சஸ்’ பக்கத்தைப் பார்க்க. எந்தப் பாகத்துடன் மோதுகிறது என்பதை அங்கேயே கணினி எழுதிக் காட்டும். தடத்தோடு முகவரியையும் ஒப்பிட வேண்டும். நெட்வொர்க் கார்டுக்கு 320 என்னும் முகவரியைத் தந்தால், அது 33எஃப் வரை இடம்பிடிப்பதுண்டு. சவுண்ட் கார்டின் இசைத் துறை வழக்கமாக 330இல் இருப்பதால், தடம் வேறானாலும் மோதல் தொடரும். 300 என்பது பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு.

4. பயன்படாத துறைகளை விடுவிக்க. கணினி தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்திப் பயாஸில் நுழைந்தால், எவரும் பயன்படுத்தாத காம் துறைகளையும் அச்சுப்பொறித் துறையையும் செயலிழக்கச் செய்யலாம். 3, 4, 7 ஆகிய தடங்கள் இவ்வாறு காலியாகும். தாய்ப்பலகையிலேயே ஒலி வசதி இருந்து தனிச் சவுண்ட் கார்டும் இருந்தால், இரண்டில் ஒன்றை நிறுத்திவிடுக.

5. கார்டுக்குப் புதிய எண் தருக. ஜம்பர் உள்ள பழைய கார்டாயின், மின்சாரத்தைத் துண்டித்தபின் ஜம்பரை, எடுத்துக்காட்டாக, 10க்கு மாற்றி, அதே எண்ணை டிவைஸ் மேனேஜரிலும் பதிவு செய்க. பிசிஐ கார்டாயின், அதனைக் கழற்றி அடுத்த துளையில் பொருத்தினாலே வேறு தடம் கிடைக்கக்கூடும்.

6. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, கணினியை மீண்டும் இயக்கிச் சோதிக்க. இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால், எது நோயைத் தீர்த்தது என்று அறிய இயலாது.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில், நெட்வொர்க் கார்டு 5இலிருந்து 10க்கு மாறியதும் ஒலியும் திரும்பும், கோப்புகளும் நகலாகும். செலவு ஏதும் இல்லை.

முதலில் ஆவணம், பிறகு கணினி

ஆறு படிகளுக்குப் பின்னும் தீராவிட்டால் கணினியோடு போராட வேண்டாம். நமக்கு வேண்டியவை வன்தட்டில் உள்ள ஆவணங்களே. வன்தட்டைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பி ஒன்றின் வழியாக வேறு கணினியில் பொருத்திக் கோப்புகளை நகலெடுக்கலாம். பழைய வன்தட்டை மற்றொரு பழைய கணினியில் அதே கேபிளில் இரண்டாவதாகப் பொருத்துவோர், ஒன்றை மாஸ்டர் எனவும் மற்றதை ஸ்லேவ் எனவும் ஜம்பரால் குறிக்க வேண்டும். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தென்படாமல் போகலாம். அதுவும் ஒருவகை மோதலே. வன்தட்டிலிருந்து ‘டக் டக்’ என்ற ஓசை எழுந்தால் உடனே நிறுத்தி, தரவு மீட்பில் தேர்ந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கணினியைப் பழுது நீக்கக் கொடுக்கும்போது, தம் அனுமதியின்றி வன்தட்டை அழித்து எழுதக் கூடாது என எழுத்தில் தெரிவித்துவிடுதல் நன்று. கேப் ரோட்டில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்படும் மழைக்காலத்தில், தேனிக்கோ கொச்சிக்கோ கணினியைத் தூக்கிச் செல்வதற்கு முன் இந்தச் சோதனைகளை வீட்டிலேயே முடித்துக்கொள்வது அலைச்சலையும் தவிர்க்கும்.

வங்கிப் பணிகளுக்கு இது ஏற்றதன்று

பழைய கணினி மீண்டும் இயங்கத் தொடங்கிய மகிழ்ச்சியில் அதில் இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்த வேண்டாம். விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 ஜூலையிலும், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும் முடிவுற்றன. அவற்றில் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. கணினியின் நாள் தவறாக இருந்தால், வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதது என்னும் எச்சரிக்கை தோன்றும். அதனைப் புறக்கணித்து உள்ளே செல்வது ஆபத்தானது. நாளைச் சரிசெய்த பின்னும் எச்சரிக்கை நீங்காவிட்டால் பணியைக் கைவிடுக.

கணினியை விற்கவோ கழிக்கவோ முடிவு செய்தால், கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது. வன்தட்டை முழுமையாக மேலெழுதி அழித்தல் வேண்டும், அல்லது அதனைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கணக்கு எண்களும் கடவுச்சொற்களும் அதில் உறங்கிக்கொண்டிருக்கும். எந்த வழியிலேனும் பணமோசடி நிகழ்ந்துவிட்டால், தாமதியாது 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்வதோடு, வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும்.

இறுதியாக, எந்தக் கார்டுக்கு எந்த எண் என்று எழுதிய தாளைக் கணினிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவைக்க. அடுத்த முறை பெட்டியைத் திறப்பவர், அது நாமேயாயினும், முதலிலிருந்து தேட வேண்டியிராது.