கடைசியில் கொடுத்த சீட்டு

கோடை விடுமுறையில் ‘லா மோம்’ என்ற பிரெஞ்சுத் திரைப்படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை எரிச்சல்தான் வந்தது. 1959இல் நியூயார்க் மேடையில் ஒரு பாடகி பாடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுகிறார். அடுத்த காட்சி 1918. பாரிஸ் தெருவில் ஒரு சிறுமி அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படம் முழுக்க இப்படியே முன்னும் பின்னும் தாவுகிறது. கீழே ஓடும் ஆங்கில வரிகளைத் துரத்திப் படிப்பதற்குள் இங்கே ஆண்டு மாறிவிடும். இரண்டாம் முறை வரிகளை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன். படம் பிடிபட்டது.

எடித் பியாஃப் 1915இல் பிறந்து 1963இல் தம் 47ஆம் வயதில் மறைந்த பிரெஞ்சுப் பாடகி. ஐந்தடிகூட உயரமில்லாதவர். ‘பியாஃப்’ என்றால் பாரிஸ் பேச்சுவழக்கில் சிட்டுக்குருவி. 2007இல் ஒலிவியே தாஹான் இயக்கிய இப்படத்தில் அவராக நடித்த மரியான் கோத்தியாருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. மது, போதை ஊசி, பாலியல் தொழில் விடுதியில் கழிந்த குழந்தைப்பருவம் எல்லாம் படத்தில் இருப்பதால் இதை மாணவர்களுக்குத் திரையிட முடியாது. ஆசிரியர்கள் பார்க்கலாம்.

ஓரிடத்தில் படத்தை நிறுத்தி மறுபடி பார்த்தேன். தெருவில் பாடிப் பிழைத்த பெண்ணுக்கு ரேமோன் அசோ என்ற பாடலாசிரியர் பயிற்சி தருகிறார். சொல்லைத் தெளிவாக உச்சரி, கைகளைப் பயன்படுத்து என்று விடாமல் விரட்டுகிறார். அவர் கடுமை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதுவரை அந்தப் பெண்ணைக் கேட்டவர்கள் காசு போட்டார்கள், கைதட்டினார்கள். உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். அடுத்து மேடையேறும்போது இயக்குநர் அவர் குரலை நமக்குக் கேட்கவிடுவதில்லை. கைகளையும் முகத்தையும் மட்டுமே காட்டுகிறார்.

படம் ஒரு செய்தியைக் கடைசிவரை ஒளித்துவைக்கிறது. பியாஃபுக்கு மார்செல் என்றொரு மகள் இருந்தாள். இரண்டு வயதில் மூளைக்காய்ச்சலால் இறந்துபோனாள். பியாஃபின் மரணப்படுக்கையில்தான் இது நமக்குத் தெரிகிறது. அதற்குமுன் அவருடைய குடியையும் கோபத்தையும் இரண்டு மணி நேரம் பார்த்து நாம் ஒரு தீர்ப்புக்கு வந்திருப்போம். (படம் முழுதாகவே விட்டுவிட்டதும் உண்டு. ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் இருந்த ஆண்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அது படத்தின் குறை என்றே நினைக்கிறேன்.)

இதை வகுப்புக்குக் கொண்டுபோக நினைத்து, படத்தைச் சொல்லாமல் பியாஃபின் வாழ்க்கையை மட்டும் ஏழு சீட்டுகளில் எழுதினேன். பாட்டியிடம் வளர்ந்தது, கண்நோயால் சில காலம் பார்வை இழந்தது, தந்தையோடு தெருவில் வித்தை காட்டிப் பாடியது, இரவு விடுதி உரிமையாளர் லூயி லெப்லே அவரை மேடையேற்றியது, லெப்லே கொலையுண்டதும் போலீஸ் பியாஃபை விசாரித்தது, காதலர் மார்செல் செர்தான் விமான விபத்தில் இறந்தது, உடல் நலிந்த நிலையிலும் ஒலிம்பியா அரங்கில் பாடி அதை நட்டத்திலிருந்து மீட்டது. ஆண்டு எதுவும் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பில் குழுக்களாக அமர்ந்து வரிசைப்படுத்தினார்கள். பிறகு ஆண்டுகளைச் சொன்னேன்: லெப்லே மேடையேற்றியது 1935, கொலை 1936, விமான விபத்து 1949, ஒலிம்பியா 1960 டிசம்பர் கடைசி. திருத்திக்கொண்டார்கள். ‘இவர் எப்படிப்பட்டவர்?’ என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். ‘அதிர்ஷ்டசாலி’ என்று இரண்டு குழுக்கள் எழுதின.

அதன்பிறகு எட்டாவது சீட்டைக் கொடுத்தேன். மகள் இறந்தது, 1935.

வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. ஒரு மாணவன் அந்தச் சீட்டை லெப்லே சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “அதே வருஷமா சார்? அப்ப அழுதுக்கிட்டேவா பாடினாங்க?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதிய வரியை மாற்ற விரும்புபவர்கள் மாற்றலாம் என்றேன். எல்லாக் குழுவும் மாற்றியது. ஒரு குழு வரியை அடித்துவிட்டு வேறெதுவும் எழுதாமல் தாளைக் கொடுத்தது.

அன்று மாலை எனக்கு வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. முதல் பாடவேளையில் தினமும் தூங்கிவிழும் ஒரு மாணவியைப் பற்றித் திரள் பதிவேட்டில் ‘கவனக்குறைவு, கற்றலில் ஆர்வமில்லை’ என்று எழுதியிருந்தேன். அம்மாவின் இட்லிக் கடைக்காக அவள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருப்பதை ஆண்டுத்தேர்வு சமயத்தில் அவள் தோழி சொல்லித்தான் அறிந்தேன். அறிந்த பிறகும் அந்த வரி அப்படியே கிடந்தது.

பதிவேட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது. அந்த வரிக்குக் கீழே இருந்த சிறிய இடத்தில் தேதியிட்டு, எனக்குப் பின்னால் தெரியவந்ததை எழுதிக் கையொப்பமிட்டேன். மறுநாள் முதல் பாடவேளையில் அவளை எழுப்பவில்லை. மதியம் அழைத்து, காலையில் நடத்திய கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன்.