சிற்றூரின் கழிவுநீர்

குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் ஊருக்கு விமோசனம் பிறந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். அந்நீர் குளித்துத் துவைத்துப் பாத்திரம் கழுவிய பின் எங்கே போகிறது என்று கேட்போர் சிலரே. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. ஆயிரம் பேர் வாழும் ஊரில் அன்றாடம் 44,000 லிட்டர்!

நாம் படிக்க வந்திருக்கும் இப்பஞ்சாபில் அது பெரும்பாலும் ஊர்க்குளத்தைச் சேர்கிறது. 'சப்பர்' என்பார்கள். எருமைகள் நீந்திய குளம் பல ஊர்களில் கரிய சேறாகிவிட்டது. பியாஸ் நதியோடு சேரும் காலி பேயின் ஆறும் இவ்வாறே சாக்கடையாயிற்று. 2000இல் பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் சீக்கியத் துறவி மக்களைத் திரட்டி அதனைத் தூய்மை செய்யத் தொடங்கினார். ஊர்க்கழிவை ஆற்றில் விடாமல், கிணறுகளில் வண்டல் படியச் செய்து, குளத்தில் தேக்கி, வயலுக்குப் பாய்ச்சும் முறை இன்று அவர் ஊரின் பெயரால் வழங்குகிறது.

குளத்தில் நடப்பது ஒரு கூட்டுக் குடித்தனம். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாவுக்குப் பிராணவாயு வேண்டும். பாசி வெயிலில் அதைத் தருகிறது. பாக்டீரியா வெளிவிடும் கரியமிலவாயு பாசிக்கு உணவாகிறது. இயந்திரமில்லை, மின்சாரமில்லை. புழு முட்டைகள் அடியில் படிகின்றன. நோய்க்கிருமிகள் பலவற்றை வெயில் கொல்கிறது. ஆகாயத்தாமரை மூடிவிட்டால் ஒளி புகாது, குடித்தனம் கலைந்துவிடும்.

இடம் எவ்வளவு வேண்டும்? நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். இங்குள்ள குளிர்காலத்தில் பாசி சோம்பும். ஆகவே இருபது நாள் தேக்குவோம். ஆழம் ஒன்றரை மீட்டர். சுமார் 590 சதுர மீட்டர் போதும். நம்மூர்க் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கும் குறைவு!

அழுக்கை மட்க வைக்க நுண்ணுயிர் செலவிடும் பிராணவாயுவைக் கொண்டே நீரின் அழுக்கை அளக்கிறோம். மேனாட்டு நூல்கள் 20 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் சோதிக்கச் சொல்கின்றன. நம் நாட்டுத் தரமுறைக்கு 27 பாகையில் மூன்று நாள் போதும். வெப்ப நாட்டில் நுண்ணுயிருக்கும் சுறுசுறுப்பு அதிகம்போலும்! ஆற்றில் விடும் நீருக்கு இவ்வளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பாசன நிலத்துக்கோ 100 வரை செல்லலாம் என்கிறது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதி. வயலுக்கு விடும் ஊருக்குப் பெருஞ்செலவு மிச்சம். பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு மட்டும் இந்நீர் ஆகாது.

பாடநூல்கள் ஒரு வரியில் கடந்து செல்லும் வேலை ஒன்றுண்டு. படிந்த சேற்றை அள்ளுவது யார்? எந்தத் தெருவிலிருந்து ஆளழைப்பார்கள் என்பது நாம் அறியாததன்று. மூடிய குழியில் நச்சுவாயு ஆளைக் கொல்லும். பாதுகாப்பின்றி மனிதரை அதில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவேதான் என் கணக்கில் கழிப்பறைக் கழிவைக் குளத்தில் சேர்க்கவில்லை. அதற்கு இரட்டைக் குழி முறை உண்டு: நிறைந்த குழியை மூடி இரண்டாண்டு விட்டால் உள்ளிருப்பது எருவாகிவிடும்.

திறந்த குளத்துச் சேற்றைச் சில ஆண்டுக்கொருமுறை வற்றவிட்டு, வெயிலில் உலர்த்தி, மண்வெட்டியால் வாரலாம். அவ்வேளையில் கழிவுநீரை வாங்க அருகில் இன்னொரு குளம் வேண்டும். மூன்று கிரவுண்டு இப்போது ஆறாயிற்று. அந்த நிலத்தைப் பஞ்சாயத்திடம் கேட்டுப் பெறுவதுதான் மீதி வேலை.