மணலால் வீடு கட்டும் நுண்ணுயிர்

குளத்துச் சேற்றில் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்கினால், மணற்றுகளால் ஆகிய உருண்டை ஒன்று மெல்ல நகர்வதைக் காணக்கூடும். மணலும் நகருமோ என்று நாம் ஐயுறும்போதே, அதன் அடிப்புறத்திலிருந்து விரல் போன்ற பொய்க்கால்கள் வெளிப்படும். அவ்வுருண்டை ஓர் அமீபாவின் வீடு. வீட்டைச் சுமந்துகொண்டே அது இரை தேடுகின்றது.

இவ்வகை அமீபாக்களுள் ஒன்று டிப்ளூஜியா கொரோனா. 1864 ஆம் ஆண்டில் வாலிக் என்பார் இப்பெயரை இட்டார். கொரோனா என்னும் இலத்தீன் சொல்லுக்கு மகுடம் என்பது பொருள். ஓட்டின் உச்சியில் நிற்கும் முட்களைக் கண்டோர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். ஓடு ஏறத்தாழக் கோள வடிவினது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கேயாம். வட்டமான வாயின் விளிம்பு பற்களைப்போல் வெட்டுண்டிருக்கும். அவை கடிப்பதற்கு உரியன அல்ல. குளம், ஏரி முதலிய நன்னீர் நிலைகளின் அடிச்சேற்றிலும், நீர்ச்செடிகளின்மீதும் இவ்வுயிர் வாழ்கின்றது.

வீடு கட்டும் முறையே வியத்தற்குரியது. அமீபா நுண்மணலை விழுங்கித் தன் உடலுள் சேர்த்து வைக்கின்றது. அது இரண்டாகப் பிரியுங்காலத்தில் உடலின் ஒரு பகுதி வாய்வழியே வெளியே பிதுங்குகின்றது. சேமித்த மணல் அப்பகுதியின் மேற்பரப்பை அடைந்து, உடலிற் சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்கின்றது. புதிய ஓடு இவ்வாறு பழைய ஓட்டின் வாயோடு வாய் பொருந்தி உருவாகும். தாயின் பற்களுக்கு இடைப்பட்ட வெளிகளில் சேயின் பற்கள் அமைகின்றன. தாய்க்குப் பழைய வீடு. சேய்க்குப் புதிய வீடு.

அமெரிக்க நாட்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னிங்ஸ் என்னும் அறிஞர் இவ்வுயிரைப் பல தலைமுறை வளர்த்து ஆராய்ந்தார். ஓர் உயிரின் வழித்தோன்றல்களிடையேயும் முட்களின் எண்ணிக்கை, நீளம், ஓட்டின் பருமன் ஆகியவற்றில் மரபுவழிப்பட்ட வேறுபாடுகள் தோன்றுவதை அவர் 1916 இல் வெளியிட்டார். பின்னர், கண்ணுக்கே எளிதிற் புலப்படாத அவ்வோட்டின் பற்களை முறித்தும் பார்த்தார். எத்துணைப் பொறுமை வேண்டும் இதற்கு! தாயின் வாய் சிதைந்தபோது சேயின் வாயும் ஒழுங்கிழந்தது. அச்சு சிதைந்தால் வார்ப்பும் சிதைவது இயல்புதானே? இம்முடிவுகளை அவர் 1937 இல் வெளியிட்டார்.

உயிர் நீங்கிய பின்னும் இத்தகைய ஓடுகள் நெடுங்காலம் சேற்றில் அழியாமற் கிடக்கின்றன. ஆய்வாளர் ஏரியின் அடியிற் குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வெவ்வினத்து ஓடுகள் எத்துணை உள்ளன என எண்ணுகின்றனர். அவ்வெண்ணிக்கையைக் கொண்டு, பண்டைக்காலத்தில் அவ்வேரியின் நீர் எத்தன்மையதாய் இருந்தது என்பதை உய்த்துணர்கின்றனர்.