ரியோ பேராலயத்து இசைக் குரவர்

மேனாட்டு இசைப் புலவர் யாவர் என வினவின், ஹைடன், மொசார்ட் என்னும் பெயர்களே நம் நாவில் முந்துகின்றன. அவ்விருவரும் வாழ்ந்த நாளிலேயே, பெருங்கடலுக்கு அப்பால் பிரேசில் நாட்டில், அடிமைப் பெண்டிரின் பேரனாகப் பிறந்து, குருவாகவும் பேராலய இசைத் தலைவராகவும் விளங்கிய ஒருவரை நம்மில் அறிந்தார் மிகச் சிலரே. அவரே ஜோசே மவுரிசியோ நூனெஸ் கார்சியா அடிகளார். அவரது வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அடிகளார் 1767-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் ரியோ தெ ஜனெய்ரோ நகரிற் பிறந்தார். பிரேசில் அந்நாளில் போர்த்துக்கல் அரசின் குடியேற்ற நாடு. ரியோ அதன் தலைநகர். தந்தையார் அப்பொலினாரியோ என்பார் தையற் தொழிலாளர். தாயார் பெயர் விக்டோரியா. இருவரும் கலப்பினத்தவர், இருவரையும் ஈன்ற அன்னைமார் அடிமைகள். மகனுக்கு ஆறு வயது நிரம்பிய காலத்தே தந்தையார் காலமாயினார். தாயார் அரிதின் உழைத்து மைந்தனை வளர்த்தார். சிறுவனது இனிய குரலையும் கேட்டதை மறவாத நினைவாற்றலையும் கண்டு, சல்வதோர் ஜோசே என்னும் ஆசிரியர் அவனுக்கு இசை பயிற்றினார். வீட்டில் விசைப்பலகைக் கருவி வாங்க வகையில்லை. பிறர் இல்லங்களில் இருந்தவற்றிலேயே பயின்றான் என்பர். பன்னிரண்டாம் வயதிலேயே பிறர்க்குக் கற்பித்துப் பொருளீட்டத் தொடங்கினான். 1783-இல், தன் பதினாறாம் வயதில், தேவமாதாவைப் புகழும் இலத்தீன் பாட்டொன்றுக்கு இசையமைத்தான். அவர்தம் படைப்புக்களுள் நாளது வரை கிடைத்தவற்றில் அதுவே முற்பட்டது.

குருப்பட்டம்

வறிய இளைஞனுக்குக் குருத்துவம் எளிதிற் கைகூடுவதன்று. குருவாக விழைவோர்க்குச் சொந்தச் சொத்து இருத்தல் வேண்டும் என்பது அக்கால விதி. செல்வ வணிகர் ஒருவர் வீடொன்றை அளித்து அத்தடையை நீக்கினார். ஆனால் பொருளால் நீக்க இயலாத வேறொரு தடையும் இருந்தது. கறுப்பின மரபில் வந்தோர் குருப்பட்டம் பெற வேண்டின், தம் 'நிறக் குறை'யைப் பொறுத்தருளுமாறு திருச்சபை அதிகாரிகட்கு விண்ணப்பித்தல் வேண்டும். அவரும் அவ்வாறே விண்ணப்பித்தார், அனுமதி கிடைத்தது, 1792-இல் குருவானார்.

இவ்விடத்து நாம் சிறிது நின்று எண்ணுதல் தகும். அந்நாளில் ரியோவின் பேராலயத்துக்குத் தனிக் கட்டடம் இல்லை. கறுப்பின மக்களின் சபையார் செபமாலை மாதாவுக்கும் புனித பெனெதித்துக்குமாக எழுப்பிய கோயிலே 1737 முதல் பேராலயமாக விளங்கிற்று. அவர்கள் கட்டிய கூரையின் கீழ் மேற்றிராணியாரின் ஆசனம் இருக்கலாம். அவர்கள் வழிவந்தான் ஒருவன் பீடத்தண்டை நிற்பதற்கோ மன்னிப்புக் கேட்டல் வேண்டும்! குறை என்பது கேட்டவனிடத்து இருந்ததா, கேட்பித்தவரிடத்து இருந்ததா என்பதை விளக்கவும் வேண்டுமோ? 1798-இல் அப்பேராலயத்துக்கே அவர் இசைத் தலைவராக நியமனம் பெற்றார். பாடுவதும், இசையமைப்பதும், பாடகரைப் பயிற்றுவதும், ஆர்கன் வாசிப்பதும் அவர் பொறுப்பாயின.

இலவச இசைப்பள்ளி

நன்கொடையாகக் கிடைத்த அவ்வீட்டிலேயே அடிகளார் இளைஞர்க்குப் பொருள் பெறாது இசை கற்பித்தார். ஆண்டுகள் பலவாக அது நடைபெற்றது. விலையுயர்ந்த கருவிகள் அங்கு இல்லை. கம்பிகள் பூட்டிய எளிய கிதார் வகைக் கருவியொன்றே துணையாயிற்று. கருவி இல்லாத வீட்டில் வளர்ந்தவர், கருவி வாங்க இயலாதாரின் இடரை நன்கு உணர்ந்திருந்தார் போலும்!

அரசவையின் வருகை

1807-இல் நெப்போலியனின் படை போர்த்துக்கல்லினுட் புகவே, இளவரசர் ஜொவானும் அரச குடும்பத்தாரும் கப்பலேறினர்; 1808 மார்ச்சில் ரியோவை அடைந்தனர். அவர்கள் நன்றி வழிபாடு செய்தது அக்கறுப்பின மக்களின் கோயிலிலேதான். இசைப் பித்தரான இளவரசர் அரச ஆலயத்தை நிறுவி, அதன் இசையை அடிகளாரிடமே ஒப்புவித்தார். 1809-இல் கிறிஸ்துவின் வீரர் அணி என்னும் விருதையும் அளித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அடிகளார் எழுதிக் குவித்தவை மிகப் பல.

ஆயினும் அச்சிறப்பு நெடிது நிற்கவில்லை. 1811-இல் ஐரோப்பா எங்கும் பெயர்பெற்ற மார்க்கோஸ் போர்த்துகல் என்னும் இசைப்புலவர் ரியோ வந்து சேர்ந்தார். அரசவையின் பெருவிழாக்கட்கு இசையமைக்கும் உரிமை அவர்பாற் சென்றது. அடிகளார் பதவியிழந்திலர்; பின்வரிசையில் நிறுத்தப்பட்டார்.

1816-இல் அரசி மரியா மறைந்தார். அதே ஆண்டில் அடிகளாரின் தாயாரும் மறைந்தார். அரசியின் பொருட்டு நடந்த வழிபாட்டுக்கென அடிகளார் அமைத்த மரித்தோர் பூசை இசை, அவர் படைப்புக்களுள் தலைசிறந்ததாக மதிக்கப்படுகின்றது. எழுதப்பட்டது அரசிக்கு, எனினும் தையற்காரரின் கைம்பெண்ணை எண்ணாது அம்மகனால் அதனை எழுத இயன்றிருக்குமோ?

அவ்வாண்டே ஹைடனின் மாணாக்கராகிய நோய்கோம் என்பார் ரியோ வந்து அவருடன் நட்புப் பூண்டார். 1819 டிசம்பரில் மொசார்ட்டின் மரித்தோர் பூசை இசையை அடிகளார் அங்கு நடத்தியபோது, நோய்கோம் அவர் திறத்தை வியந்து வியன்னா இசை இதழுக்கு எழுதினார்.

இறுதி நாட்கள்

1821-இல் மன்னர் தாயகம் திரும்பினார். 1822-இல் பிரேசில் தன்னுரிமை எய்திற்று. அரச ஆலயத்தின் செலவு சுருங்கியது. அடிகளாரின் உடலும் நலிந்தது. 1821-இல் தம் மைந்தர்க்கெனப் பியானோப் பயிற்சி நூலொன்று எழுதினார். ஆம், குருவின் துறவு வாக்குக்கு மாறாக அவர்க்கு மக்கட்பேறு இருந்தது. இதனை மறைத்தல் வரலாற்றுக்கு இழுக்கு. அவருள் ஒருவர் மருத்துவரானார். 1826-இல் புனித செசிலியாவின் விழாவுக்கான பூசை இசையே அடிகளாரின் கடைசிப் பெரும் படைப்பு. 1830 ஏப்ரல் 18-ஆம் நாள் அவர் வறுமையில் உயிர் நீத்தார்.

பல்லாண்டு அவர் சுவடிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தௌனே பிரபு அவற்றைக் காக்கப் பெரிதும் முயன்றார். 1970-இல் கிளியோபெ பெர்சோன் தெ மத்தோஸ் அம்மையார் விரிவான அட்டவணை வெளியிட்டார். எஞ்சியவை ஏறத்தாழ 240.

முடிவுரை

அன்பர்களே! அரசவை அடிகளாரைச் சிலகாலம் உயர்த்திப் பின் மறந்தது, பள்ளி மறக்கவில்லை. அங்குப் பயின்ற பிரான்சிஸ்கோ மனுவேல் த சில்வா 1831-இல் அமைத்த மெட்டே பிரேசில் நாட்டுப் பண்ணாக நிலைபெற்றுள்ளது. ரியோவின் இசைக் கல்லூரியைத் தோற்றுவித்தவரும் அவரே. அடிமை முறை அந்நாட்டில் 1888-இலேயே ஒழிந்தது. ஆனால் அதற்கு முன்னரே, அடிமைகளின் பேரர் ஒருவரிடம் பொருள் கொடாது கற்ற மாணாக்கரின் பண், அந்நாட்டார் அனைவர்க்கும் பொதுவாயிற்று.

கல்லூரியிற் பயிலும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் யாதுளது? நாம் பெறும் பட்டங்களும் பரிசுகளும் ஒருநாள் மங்கும். வகையற்ற ஒருவனை அருகில் இருத்திக் கற்பித்தது மங்காது. அங்ஙனம் கற்க வருவோனை, 'நீ யாருடைய மகன்?' என வாயிலில் நிறுத்தி வினவாதிருத்தல் நம் முதற் கடனாகும்.