பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தனி அறை: வாசலில் மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: மதுரையைச் சேர்ந்த ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்காக ஊட்டி ஹோட்டல் ஒன்றில் மூன்று இரவுகளுக்கு இரண்டு அறைகளை இணையதளம் வழியாகப் பதிவு செய்து, வாடகை முழுவதையும் முன்கூட்டியே கட்டியது. ஓர் அறை பெற்றோருக்கு. மற்றொன்று 16 வயது மகளுக்கும் 14 வயது மகனுக்கும். படிவத்தில் வயது கேட்கப்பட்டது, உள்ளபடி தரப்பட்டது. பெட்டி படுக்கையோடு போய் இறங்கிய பிறகு, 18 வயது ஆகாதவர்கள் மட்டும் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று ரிசப்ஷனில் மறுத்துவிட்டார்கள். மேற்கொண்டு பணம் கட்டி ஃபேமிலி ரூமுக்கு மாறலாம், விருப்பமில்லாவிட்டால் கிளம்பலாம், ஆனால் கட்டிய பணம் திரும்பாது என்றார்கள். குடும்பம் வேறு ஹோட்டலில் தங்கிவிட்டுத் திரும்பியது. பணத்தைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி உண்டா?

பதில்: 18 வயது நிரம்பாதவர்கள், பெற்றோர் பக்கத்து அறையில் இருக்கும்போது தனி அறையில் தூங்கக் கூடாது என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் சொல்லவில்லை. தங்கவைத்தே தீர வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஹோட்டல்களில் நுழைவதில் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு கூறுகிறது. ஆனால் அங்கே அடுக்கப்பட்டிருப்பவை மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவைதான். வயது அந்த வரிசையில் இல்லை. எனவே வயதுக் கட்டுப்பாடு ஹோட்டல் தானே வகுத்துக்கொண்ட விதி. அப்படி ஒரு விதியை வைத்துக்கொள்வது குற்றமல்ல.

இந்த விதிக்கு ஹோட்டல்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், மைனருடன் ஒப்பந்தம் செல்லாது என்பது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மோஹரி பீபி வழக்கும் இதற்கு அடிப்படை. ஆனால் இந்தக் குடும்பத்தின் விஷயத்தில் அந்தக் காரணம் பொருந்தவே பொருந்தாது. இரண்டு அறைகளையும் பதிவு செய்தவர் பெற்றோர், பணம் கட்டியவர் பெற்றோர், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடப் போகிறவரும் அவரே. மகளோ மகனோ ஹோட்டலுடன் எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. அறையில் தொலைக்காட்சி உடைந்தாலும் குளிர்பெட்டியில் இருந்ததைத் தின்று தீர்த்தாலும் ஹோட்டல் கேட்க வேண்டியது பதிவு செய்தவரைத்தான்.

இரண்டாவது காரணம், சிறார் பாதுகாப்பு. இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, சிறார் மீதான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் யாராயினும் காவல்துறையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. 20-ஆம் பிரிவு ஹோட்டல், லாட்ஜ் ஊழியர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே மைனர்கள் விஷயத்தில் ஹோட்டல் காட்டும் எச்சரிக்கை வீண் கெடுபிடி அல்ல. சித்தப்பாவோ குடும்ப நண்பரோ பிள்ளைகளை அழைத்துப் போகும்போது பெற்றோரின் கடிதத்தையும் தொலைபேசி எண்ணையும் கையில் வைத்திருப்பது நல்லது என்று சொல்லப்படுவதும் இதனால்தான்.

ஆகவே விதி சரியா தவறா என்பதை விட, அது எப்போது சொல்லப்பட்டது என்பதே இந்தப் புகாரின் உயிர்நாடி. இங்கிலாந்தில் 1949-இல் தீர்ப்பான ஆலி எதிர் மார்ல்பரோ கோர்ட் வழக்கு, சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிப்பது. வரவேற்பு மேசையில் முன்பணம் கட்டிவிட்டு மாடிக்குப் போன தம்பதியின் அறைச் சுவரில், பொருள் திருடுபோனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அறிவிப்பு மாட்டியிருந்தது. அந்தப் பெண்மணியின் ரோமக் கோட்டு களவுபோனபோது ஹோட்டல் அந்த அறிவிப்பைக் காட்டித் தப்பப் பார்த்தது. கீழே மேசையிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, மாடிச் சுவரில் இருப்பது அதன் பகுதியாகாது என்றது நீதிமன்றம். இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல என்றாலும், ஒப்பந்தம் முடிந்தபின் நிபந்தனை சேர்க்க முடியாது என்ற கொள்கை இங்கும் அதுவே. இணையப் பதிவில், பணம் கட்டி உறுதி மின்னஞ்சல் வந்த நொடியே அந்த மேசை. அதற்கு முன்னால் திரையில் இல்லாத விதி, ஊட்டி ரிசப்ஷனில் புதிதாக முளைக்க முடியாது.

வயதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு அறைகளையும் உறுதி செய்ததும் குடும்பத்துக்குச் சாதகமானது. தவிர, பல ஹோட்டல்கள் 12 வயது தாண்டினாலே பெரியவர் கட்டணம் வசூலிக்கின்றன. கட்டணத்துக்கு 16 வயது மகள் பெரியவர், படுக்கைக்கு மட்டும் குழந்தை என்ற வாதத்தை எந்த நுகர்வோர் ஆணையத்தின் முன்னும் நிலைநிறுத்துவது கடினம். ரசீதில் அப்படி வசூலித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதன் வரையறையிலேயே தங்குமிடம் அடங்கும். உறுதி செய்த அறையைத் தர மறுப்பது சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்று பதிவுத் தளம் முழுவதுமாகக் கைகழுவிவிடவும் முடியாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அது புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

இனி குடும்பத்துக்குப் பாதகமான பக்கம். தளத்தின் 'ஹோட்டல் விதிகள்' பகுதியில் வயது நிபந்தனை தெளிவாக இருந்திருந்தால் புகார் பெருமளவு பலவீனமாகிவிடும். படிக்கவில்லை என்பது சட்டத்தில் பதிலாகாது. கேள்வியில் சொல்லப்படாத இன்னொரு விவரமும் உண்டு. அம்மாவும் மகளும் ஓர் அறை, அப்பாவும் மகனும் ஓர் அறை என்று பிரிந்து தங்க ஹோட்டல் சம்மதித்ததா? சம்மதித்தும் குடும்பம் மறுத்திருந்தால், நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு நஷ்டஈட்டைக் கணக்கிடும்போது இதையும் பார்க்கச் சொல்கிறது. அதே காரணத்தால், இரண்டாவதாகத் தங்கிய இடம் முதல் ஹோட்டலின் தரத்தை ஒட்டியதாக இருந்தால் வாடகை வித்தியாசம் கிடைக்கலாம். நட்சத்திர ஹோட்டல் பில்லை அப்படியே நீட்டினால் கிடைக்காது.

புகார் கொடுக்க ஊட்டிக்குப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி; மதுரைக் குடும்பத்துக்கு மதுரை ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். அதற்கு முன், ஹோட்டல், தளம் இரண்டுக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் தருவது வழக்கம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசினால் சில சமயம் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை அதைவிட மெதுவானது.

சான்றுகளில் முதலிடம் உறுதி மின்னஞ்சலுக்கு. பதிவு செய்த அன்று தளத்தில் இருந்த விதிப் பக்கத்தின் படம், பணம் போன வங்கிக் குறுஞ்செய்தி, இரண்டாவது ஹோட்டலின் பில் ஆகியவை அடுத்து. மறுத்ததற்கு எழுத்து வடிவில் ஆதாரம் இல்லாததுதான் இத்தகைய வழக்குகளில் அடிக்கடி காணும் ஓட்டை. ரிசப்ஷனில் நின்றபடியே, 'இன்ன நேரத்தில் வந்தோம், இன்ன காரணம் சொல்லி அறை மறுக்கப்பட்டது' என்று ஹோட்டலின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இரண்டு வரி அனுப்பியிருந்தால் அதுவே போதும்.

அடுத்த பயணத்துக்கு, பதிவு செய்யும் முன்பே 'மைனர்கள் இருவர் தனி அறையில், பெற்றோர் பக்கத்து அறையில்' என்று எழுதிக் கேட்டு, ஹோட்டலின் பதிலை வாங்கி வைப்பது பாதுகாப்பு. பக்கத்து அறை வேறு, உள்ளே கதவு வைத்த இணைப்பு அறை வேறு. 'வேண்டுகோளுக்கு உட்பட்டு' என்று எழுதியிருந்தால் அது வாக்குறுதி ஆகாது. பிள்ளைகளுக்கும் ஆதாரோ பாஸ்போர்ட்டோ எடுத்துப் போக வேண்டும். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் முகமூடி ஆதார் இதற்குப் போதுமானது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்பதால் அதையும் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். வரிக் கணக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். கணக்கு ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி. 9,000 ரூபாய் ஃபேமிலி ரூமுக்கு வரி 1,620 ரூபாய். 4,500 ரூபாய் அறைகள் இரண்டு எடுத்தால் 450 ரூபாய்.