மெழுகுவர்த்தி செய்து பழகுவோம்



நம்ம எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் மெழுகு புதுசு இல்லை. தீக்குச்சியை மெழுகில் முக்கிய பிறகுதானே மருந்தில் முக்குகிறோம்! அதே பாரபின் மெழுகில், ஓய்வு நேரத்தில் மெழுகுவர்த்தி செய்து பழகலாம்.

செய்முறை: பழகுவதற்குப் பப்பாளி இலைத்தண்டே அச்சு. உள்ளே திரியை நடுவாக இழுத்துக் கட்டி, அடியைக் களிமண்ணால் அடையுங்கள். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீங்க. கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சுமார் 60 டிகிரியில் உருகிவிடும். ஊற்றி, நன்றாக ஆறியதும் தண்டைக் கீறி எடுங்கள்.

கவனம்: மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ சீறி எழும்பும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

என்ன லாபம்னு கேக்கீங்களா? கை பழகும், மனசு லேசாகும், கரண்ட் போனால் வீட்டுக்கு ஆகும். கோணலாக வந்ததை மறுபடி உருக்கலாம்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே கடன் வாங்கி அச்சு வாங்காதீங்க. முதலில் ஒரு கிலோ மெழுகு போதும். மெழுகு, திரி, எரிபொருள், உங்கள் கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். கட்டுப்படியானால், ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, ஆகஸ்ட் 15 காமநாயக்கன்பட்டி திருவிழா, கிறிஸ்துமஸ் விற்பனை பற்றிக் குழுக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.